இருவர் தாங்கும் நோய்
புராஸ்டேட் புற்றுநோயும் இல்லற வாழ்வும்

நோய் என்பது ஒருவர் உடலில் தோன்றுவது. ஆயினும் அந்நோய் கொணரும் அச்சமும், செலவும், உறக்கமற்ற இரவுகளும் இல்லத்தில் உள்ள இருவருக்கும் பொதுவாகி விடுகின்றன. இவ்வுண்மை எல்லா நோய்களுக்கும் பொருந்துமெனினும், ஆடவருக்குப் பெரும்பாலும் ஐம்பது வயதுக்குப் பின் வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிறப்பாகப் பொருந்தும். ஏனெனில் அந்நோயும் அதற்குரிய மருத்துவமும் சிறுநீர் கழித்தல், தாம்பத்தியம், உடல் வலிமை ஆகிய, பிறரிடம் பேச நாணும் இடங்களையே தொடுகின்றன. நாணத்தால் பேச்சு குறைகிறது; பேச்சு குறைந்த இல்லத்தில் நோயாளி தனியே அஞ்சுகிறார், துணைவியாரும் தனியே அஞ்சுகிறார்.

உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடவருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகளாவிய புற்றுநோய்க் கணக்கீடு கூறுகிறது. ஆகவே இது எங்கோ எவருக்கோ வரும் அரிய நோயன்று. நம் குடும்பங்களிலும் தந்தைக்கோ, தமையனுக்கோ, கணவருக்கோ வரக்கூடும். அவ்வாறு வருங்கால் கணவனும் மனைவியும் அறிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நோயின் இயல்பு

ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து, ஏறத்தாழ ஒரு நெல்லிக்காய் அளவில் அமைந்துள்ள சுரப்பியே புராஸ்டேட் ஆகும். விந்துவோடு கலக்கும் நீரைச் சுரப்பது இதன் பணி. முதுமையில் இச்சுரப்பி வீங்குதல் பலருக்கும் இயல்பு; அவ்வீக்கம் புற்றுநோயன்று. இரவில் பன்முறை எழுந்து சிறுநீர் கழித்தலும், நீர் தடைபட்டு மெல்ல இறங்குதலும் இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகளாதலால், மருத்துவரே வேறுபடுத்திக் கூற இயலும். புற்றுநோய் தொடக்க நிலையில் எந்த அறிகுறியும் காட்டாதிருத்தலும் உண்டு.

பி.எஸ்.ஏ. எனப்படும் இரத்தப் பரிசோதனையில் அளவு உயர்ந்திருப்பின் ஐயம் எழுகிறது. ஆனால் வீக்கத்தாலும் தொற்றாலும் கூட அவ்வளவு உயரும். ஆதலின் அவ்வெண் ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஊசியால் திசுவைச் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியே உறுதி தரும். அத்திசுவின் தோற்றத்தைக் கொண்டு நோயின் வேகத்தை மதிப்பிடும் முறையை, அமெரிக்க நாட்டு மருத்துவர் டொனால்டு கிளீசன் 1966ஆம் ஆண்டு வகுத்தார். அவர் பெயராலேயே அது கிளீசன் எண் எனப்படுகிறது. இக்காலத்தில் அறிக்கைகளில் அந்த எண் பெரும்பாலும் 6 முதல் 10 வரை அமையும். 6 மெல்ல வளரும் தன்மையையும், 9, 10 ஆகியவை விரைந்து பரவும் தன்மையையும் குறிக்கும்.

நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறதா, அருகில் பரவியுள்ளதா, எலும்புகளை எட்டியுள்ளதா என்பதை ஸ்கேன் பரிசோதனைகள் காட்டும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா ஆகியவற்றுக்குப் பரவுவது இந்நோயின் வழக்கம். மெல்ல வளரும் நோயாயின் உடனே மருத்துவம் செய்யாது, காலந்தோறும் சோதித்துக் கண்காணிப்பதே போதுமென மருத்துவர் கூறுவதுண்டு. பரவிய நோயாயின் முற்றிலும் நீக்குதல் பெரும்பாலும் அரிது. ஆயினும் பல ஆண்டுகள் அடக்கி வைத்து வாழ வழியுண்டு. ‘புற்று’ என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முடிவு வந்துவிட்டதென எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2. ஒரு தம்பதியர் விட்டுச் சென்ற பாடம்

அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1920ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்த கார்னீலியஸ் ரயன் என்பவர் இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆசிரியர். நார்மண்டிக் கடற்கரையில் 1944இல் நேச நாட்டுப் படைகள் இறங்கியதைக் கூறும் ‘மிக நீண்ட நாள்’ என்னும் நூலை 1959இல் வெளியிட்டார். அவருடைய மனைவி காத்ரின் அவர்களும் எழுத்தாளரே. கணவரின் நூற்பணியில் உடனிருந்து உதவியவர்.

ரயனுக்கு 1970ஆம் ஆண்டு புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போது அவர் தமது அடுத்த பெருநூலை எழுதிக்கொண்டிருந்தார். நோயோடும் மருத்துவத்தோடும் நான்கு ஆண்டுகள் போராடிய வண்ணமே அந்நூலை முடித்தார். அந்நூல் 1974இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே, தம் 54ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னரே மனைவியார் ஒன்றை அறிந்தார். நோயுற்ற காலத்தில் தம் அச்சத்தையும், வலியையும், ஐயங்களையும் ரயன் மறைவாகப் பதிவு செய்து வைத்திருந்தார். நாள்தோறும் அருகில் இருந்து பணிவிடை செய்த மனைவிக்கு அப்பதிவுகள் இருப்பது தெரியாது. காத்ரின் அவர்கள் அவற்றைத் தொகுத்து, அதே காலத்தில் தாம் பட்டவற்றையும் இடையிடையே சேர்த்து, 1979ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். ‘ஒரு தனிப்பட்ட போர்’ என்பது அதன் பெயரின் பொருள். கணவர் குரலும் மனைவி குரலும் அந்நூலில் மாறி மாறி ஒலிக்கின்றன.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? அவர்கள் அன்பில்லாத தம்பதியர் அல்லர். எழுத்தையே தொழிலாகக் கொண்ட, சொல்லில் வல்ல இருவர். அத்தகையோர்க்கும் இந்நோயின்போது ஒருவர்க்கொருவர் முழுவதும் சொல்ல இயலாதவை இருந்தன. இருவர் குரலும் ஓரிடத்தில் சேர்ந்து ஒலித்தது ஒருவர் மறைந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே. எழுத்தறியாதவர் முதல் கற்றவர் வரை இந்த மௌனம் எல்லா இல்லங்களிலும் நேரக்கூடியது. ஆகவே அதனை அன்பின்மை எனக் கருதாது, முன்கூட்டியே அறிந்து நீக்க வேண்டிய ஓர் இடர் எனக் கொள்ளல் வேண்டும்.

3. மறைத்தல் தகுமா?

மௌனம் மூன்று விதமாக வருகிறது. கணவர் அறிக்கையைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டு, ‘சாதாரண நீர்க்கோளாறுதான்’ என்று மனைவியிடம் கூறுதல் ஒன்று. மக்களும் மனைவியும் மருத்துவரிடம் தனியே பேசி, நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளுதல் மற்றொன்று. இருவருக்கும் தெரிந்திருந்தும் ஒருவர்க்கொருவர் தெரியாதவர் போல் நடத்தல் மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் அன்பே. மற்றவர் மனம் வருந்தலாகாது என்ற எண்ணமே.

ஆயினும் விளைவு வேறாகிறது. உண்மை அறியாத நோயாளி, தமக்குத் தரப்படும் ஊசியின் பயனை அறியார். இடையில் நிறுத்தவும் கூடும். எதற்காக உடல் சோர்கிறது என்றறியாமல் தம்மையே நொந்துகொள்வார். வீட்டார் முகத்தைக் கண்டு, உள்ளதைவிடப் பெரிதாகவே ஊகித்துக்கொள்வார். மனைவியோ, அழுவதற்குக் கூட இடமின்றிச் சமையலறையில் நின்று அழுவார்.

வாய்மையை அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்ட இல்லறத்தார்க்கு இது புதிய செய்தியன்று. உண்மையைச் சொல்வதற்கும் உண்மையால் அடிப்பதற்கும் வேறுபாடுண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கூறவேண்டுவதில்லை. ‘மருத்துவர் கூறியதில் உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?’ என்று கேட்டு, அவர் தாங்கும் அளவுக்குச் சொல்லி, அடுத்த நாள் தொடரலாம். கேட்கப்படாததைத் திணித்தலும் வேண்டா. கேட்டதற்குப் பொய்யுரைத்தலும் வேண்டா.

பிறருக்குச் சொல்லும் செய்தி வேறு. நம் சமுதாயம் சிறியது. ஓர் ஊரில் நடப்பது மறு வாரம் எல்லா ஊர்களிலும் தெரிந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்கும் காலமாயின், செய்தி வெளிப்படலாகாது என்று பெற்றோர் அஞ்சுவதும் இயல்பே. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். ஆனால் சொந்த மக்களிடம் மறைத்தல் தகாது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருப்பின், ஓர் ஆடவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. சில குடும்பங்களில் இதற்குக் காரணமாகும் மரபணு மாற்றம் பெண்மக்களுக்கு மார்பகப் புற்றுநோயையும் சூற்பைப் புற்றுநோயையும் கொணரக்கூடும். ஆதலால் பரவிய நோயுள்ளவர்க்கு மரபணுப் பரிசோதனை தேவையா என மருத்துவரைக் கேட்டல் நலம். மக்களின் உயிரைக் காக்கக்கூடிய செய்தியை அவர்களுடைய திருமணத்தின் பொருட்டு அவர்களிடமே மறைப்பது முறையாகாது.

4. மருத்துவரிடம் இருவரும் செல்லுதல்

நோயின் பெயரைக் கேட்ட முதல் நாளில் மருத்துவர் கூறும் பிற சொற்கள் பெரும்பாலும் செவியில் ஏறுவதில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து செல்லுதல் வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். வினாக்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு செல்லுதல் நன்று. நோய் எந்த நிலையில் உள்ளது? கிளீசன் எண் எவ்வளவு? மருத்துவத்தின் நோக்கம் நீக்குதலா, அடக்குதலா? எத்தனை வழிகள் உள்ளன? ஒவ்வொன்றாலும் சிறுநீர், தாம்பத்தியம், எலும்பு ஆகியவற்றுக்கு என்ன நேரும்? செலவு எவ்வளவு? இவற்றைக் கேட்பதற்கு நாண வேண்டுவதில்லை.

பெரும்பாலான நிலைகளில் சில வாரங்கள் சிந்தித்து முடிவெடுக்க இடமுண்டு. மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் அவமதிப்பாகாது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்டு இன்றளவும் பணிபுரிந்து வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மருத்துவம் பெறலாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. மருத்துவம் தொடங்குமுன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக் கொள்ளுதல் நலம்.

5. மருத்துவ முறைகளும் அவற்றின் விளைவுகளும்

சுரப்பிக்குள் நிற்கும் நோய்க்கு அறுவை மருத்துவமும் கதிர்வீச்சு மருத்துவமும் முதன்மையானவை. அறுவைக்குப் பின் சில காலம் சிறுநீர் அடக்க இயலாமல் கசிதலும், ஆண்மைக் குறைவும் நேரலாம். இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் கசிவு பலருக்கும் மாதக்கணக்கில் குறைந்து வருகிறது. கதிர்வீச்சினால் சிறுநீர் எரிச்சலும், மலக்குடல் தொல்லையும் ஏற்படலாம்.

பரவிய நோய்க்கு அடிப்படையானது இயக்குநீரைக் குறைக்கும் மருத்துவம். இந்நோய் வளர டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை இயக்குநீர் துணைசெய்கிறது. அதனை நீக்கினால் நோய் அடங்கும் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் 1941இல் நிறுவிக் காட்டினார்; அதற்காக 1966இல் நோபெல் பரிசும் பெற்றார். இன்று அதே பயனை மாதந்தோறும் அல்லது மும்மாதத்துக்கொருமுறை இடும் ஊசிகளால் பெறலாம். விதைகளை அகற்றும் சிறு அறுவையும் உண்டு. இவற்றோடு அபிராட்டிரோன், என்சலுட்டமைடு போன்ற மாத்திரைகளும், டோசிடாக்சல் என்னும் மருந்தும் நோயின் நிலைக்கேற்பச் சேர்க்கப்படுகின்றன. இம்மருந்துகள் பலருடைய ஆயுளை நீட்டியுள்ளன.

இயக்குநீர் குறைவதால் உடலெங்கும் திடீரென வெப்பம் பரவி வியர்த்தல், சோர்வு, தசை குறைதல், எடை கூடுதல், எலும்பு நலிதல், மனவாட்டம், காமவேட்கை அறவே குறைதல் ஆகியவை நேர்கின்றன. முன்பு சினமறியாதவர் சிறு சொல்லுக்கும் சினக்கலாம்; கண்ணீர் விடாதவர் கலங்கலாம். இவை மருந்தின் விளைவுகள் என்பதைத் துணைவியார் அறிந்திருப்பின், ‘இவர் மாறிவிட்டார்’ என்று மனம் நோகமாட்டார். இருவரும் மாலையில் சேர்ந்து நடத்தல் மிகச் சிறந்த மருந்தாகும். நடையும் மிதமான உடற்பயிற்சியும் சோர்வைக் குறைப்பதோடு, தசைக்கும் எலும்புக்கும் வலிமையூட்டும்.

இரண்டு அபாயக் குறிகளை இருவரும் மறவாதிருத்தல் வேண்டும். எலும்புக்குப் பரவிய நோயுள்ளவர்க்குக் கடும் முதுகுவலியோடு கால் வலுவிழத்தலோ, மரத்துப்போதலோ, சிறுநீர் மலம் அடைபடுதலோ ஏற்பட்டால், தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள். அன்றைய தினமே, இரவாயினும், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தாமதித்தால் நடக்கும் ஆற்றலே போய்விடும். டோசிடாக்சல் போன்ற மருந்து ஏற்றப்பட்ட நாட்களில் உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தாண்டினாலும் அவ்வாறே விரைதல் வேண்டும்.

6. தாம்பத்தியத்தில் நேரும் மாற்றம்

இதனைப் பற்றி நம் இதழ்களில் எழுதுவது அரிது. எழுதாமையால் எத்தனையோ பேர் வீணே வருந்துகின்றனர் என்பதால் அடக்கத்தோடு சில கூறுகிறோம். மருத்துவத்துக்குப் பின் வேட்கையும் ஆற்றலும் குறைந்த கணவர், ‘இனி நான் இவளுக்குப் பயனற்றவன்’ என்று கருதிப் படுக்கையைத் தனியே மாற்றிக்கொள்கிறார். மனைவியோ, ‘என்னை வெறுத்துவிட்டாரோ’ என எண்ணுகிறார். கேட்டால் நாணம், கேளாவிடில் விலகல். இவ்வாறு, நோய் பிரிக்காத இருவரை அந்நோயைப் பற்றிய தவறான எண்ணம் பிரித்துவிடுகிறது.

அறுவைக்குப் பின் நேரும் ஆற்றல் குறைவுக்கு மாத்திரை, ஊசி, கருவி முதலிய உதவிகள் உள்ளன, மருத்துவரிடம் கேட்கலாம். இதய நோய்க்கு நைட்ரேட் வகை மருந்து உண்போர் அம்மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணலாகாது, உயிருக்கே இடராகும். இயக்குநீர் மருத்துவத்தில் வேட்கையே குறைவதால், பல தம்பதியர் அவ்வுறவு முடிந்ததென ஏற்றுக்கொள்கின்றனர். அப்போதும் அருகில் அமர்தல், கையைப் பற்றுதல், தலையை நீவுதல், ஒரே அறையில் உறங்குதல் ஆகியவை முடிந்து போவதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தோர்க்கு அண்மையே பெரும் ஆறுதல். ‘இது மருந்தினால், உன்மேல் உள்ள அன்பு குறையவில்லை’ என்று கணவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வாராயின், மனைவியின் பல மாதக் கலக்கம் நீங்கும்.

சிறுநீர்க் கசிவும் அவ்வாறே. வாடை வீசுமோ என அஞ்சிக் கோயிலுக்கும் திருமணங்களுக்கும் செல்லாதிருப்போர் உண்டு. உறிஞ்சும் பட்டைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பையில் ஒரு மாற்றாடையோடு, செல்லுமிடத்தில் கழிப்பிடம் எங்குள்ளது என்பதை மனைவியோ மகனோ முன்னரே பார்த்து வைத்தால், அவர் தயங்காமல் புறப்படுவார்.

7. துணைவியாரின் சுமை

இந்நோயில் துணைவியரின் மனத்துயர் நோயாளியின் துயருக்கு நிகராகவும், சில வேளை அதனினும் மிகுந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வந்து விசாரிப்போர் யாவரும் ‘அவர் எப்படியிருக்கிறார்?’ என்றே கேட்கின்றனர், ‘நீங்கள் எப்படியிருக்கிறீர்கள்?’ என்று கேட்பார் இல்லை. மருந்து நேரம், உணவு, மருத்துவமனைப் பயணம், விருந்தினர் வரவு, வங்கி அலுவல் என யாவும் அவர்மேல் விழுகின்றன. அவருக்கும் அறுபது எழுபது வயது; அவருக்கும் நீரிழிவோ மூட்டுவலியோ உண்டு. தம் மாத்திரையைத் தாமே மறந்துவிடுவார்.

நோயுற்றோர்க்குப் பணி செய்யும் வையாவிருத்தியத்தை நம் முன்னோர் அகத்தவங்களுள் ஒன்றாக வைத்தனர். அப்பெருமையைக் கூறி, ஒருவரையே முழுச்சுமையும் தாங்கவிடுதல் நியாயமாகாது. மகன், மருமகள், மகள், உடன்பிறந்தார் ஆகியோர் வேலைகளைப் பகிர்ந்து கொள்ளுதல் வேண்டும். மருத்துவமனைக்கு ஒரு முறை மகன் உடன் செல்லட்டும். வாரத்தில் ஒரு நாள் மகள் வந்திருக்க, தாயார் கோயிலுக்கோ தமக்கை வீட்டுக்கோ சென்று வரட்டும். கணவரும் தம்மால் இயன்ற சிறு வேலைகளை விடாது செய்தல் நலம். காய் நறுக்குதலும், கணக்கு எழுதுதலும் அவருக்குத் தாம் இன்னும் இவ்வில்லத்தார் என்ற உணர்வைத் தரும். பி.எஸ்.ஏ. பரிசோதனை நெருங்கும் நாட்களில் இருவருக்குமே மனம் கலங்கும். அந்நாட்களில் ஒருவர் சொல்லை ஒருவர் பெரிதுபடுத்தாதிருத்தல் வேண்டும். வாட்டம் வாரக்கணக்கில் நீங்காது, உணவும் உறக்கமும் கெடுமாயின், இருவருள் எவராயினும் மருத்துவரிடம் கூறுதல் கடமை.

8. நோன்பும் மருந்தும்

‘என்ன வினையோ, எனக்கு வந்தது’ என்று நோயாளி புலம்புவதும், ‘நான் நோன்பைக் குறைத்ததால் வந்ததோ’ என்று மனைவி தம்மைப் பழிப்பதும் நம் இல்லங்களில் கேட்கப்படுபவை. துன்பம் வினைப்பயன் எனக் கொள்வோரும், அவ்வினை எப்பிறப்பில் எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்து ஒருவரை ஒருவர் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. இடைவிடாது துன்பத்தையே நினைந்து புலம்புதலை ஆர்த்த தியானம் என்றே நம் நூல்கள் விலக்குகின்றன. மேலும் உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. கொடுப்பது அறமாயின், தேவைப்பட்டவர் ஏற்பதும் தகுவதே.

இரவுணவு தவிர்த்தலும் நோன்பு நாட்களும் உள்ளோர் மருந்து நேரத்தை மருத்துவரோடு பேசி அமைத்துக்கொள்ளலாம். அபிராட்டிரோன் வெறும் வயிற்றில் உண்ணத்தக்கது. அதனுடன் தரப்படும் பிரெட்னிசோலோன் உணவோடு உண்ணத்தக்கது. இம்மருந்தை நோன்பு நாளென்று தாமே திடீரென நிறுத்துதல் தீங்காகும். பெரும்பாலான காப்ஸ்யூல் உறைகள் விலங்கினப் பொருளாகிய ஜெலட்டினால் ஆனவை. அதற்கு மாற்றாக மாத்திரை வடிவமோ, தாவர உறையோ உண்டா எனக் கேட்கலாம். எலும்பு நலியாதிருக்கப் பால், தயிர், கேழ்வரகு, எள் ஆகியவையும், தசை குறையாதிருக்கப் பருப்பு வகைகளும் நம் உணவிலேயே உள்ளன. நீண்ட உண்ணாநோன்புகளை இக்காலத்தில் மேற்கொள்ளுமுன் மருத்துவரையும், நெறியறிந்த பெரியோரையும் கேட்டல் வேண்டும். மனம் உடைந்து மருந்தை மறுத்தலும், நெறியறிந்து பற்றை விடுதலும் ஒன்றல்ல. சல்லேகனையை விளக்கும் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், பரிகாரம் இல்லாத நிலையையே அதற்கு நிபந்தனையாகக் கூறுவதை இங்கு நினைவுகொள்ளலாம்.

9. பொருளும் ஆவணங்களும்

நோயாளி தெளிவாயிருக்கும் காலத்திலேயே வங்கிக் கணக்கை இருவரும் இயக்கத்தக்கதாக மாற்றுதல், வைப்புத்தொகைகளுக்கு வாரிசு நியமனம் செய்தல், நிலப் பத்திரங்கள் இருக்குமிடத்தை மனைவிக்குக் காட்டுதல், உயில் எழுதிப் பதிவு செய்தல் ஆகியவற்றை முடித்தல் நலம். ‘உயில் எழுதச் சொன்னால் சாகச் சொன்னது போலாகுமே’ என்று மனைவி தயங்குவார். ஆதலின் அப்பேச்சைக் கணவரே தொடங்குவது சிறந்தது. ஐம்பது ஆண்டு கணவர் கையொப்பத்திலேயே வாழ்ந்த அம்மையார், அவருக்குப் பின் அலுவலகந்தோறும் அலையாதிருக்கச் செய்யும் ஏற்பாடு இது.

10. நோய் முற்றிய நிலை

மருந்துகளுக்கு நோய் அடங்காத காலமும் வரலாம். அப்போதும் செய்யத்தக்கவை பல உண்டு. எலும்பு வலியைச் சில நாள் கதிர்வீச்சாலேயே குறைக்கலாம். கடும் வலிக்கு மார்பின் மாத்திரைகள் உண்டு. 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அவற்றை மருத்துவமனைகள் பெறுவதை எளிதாக்கியது. மருத்துவர் அளவோடு தரும் மார்பினால் பழக்க அடிமையாவோம் என்ற அச்சத்தால் வலியைப் பொறுத்திருத்தல் வேண்டுவதில்லை. வலித்தணிப்பு மருத்துவர்கள் இறுதி நாட்களுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். நோய் பரவியது தெரிந்த நாள் முதலே அவர்களை நாடலாம்.

எங்கு இருக்க விரும்புகிறார், எந்த மருத்துவம் வேண்டா என்று கருதுகிறார், யார் அருகில் இருக்க வேண்டும், எந்தத் துதியைக் கேட்க விரும்புகிறார் என்பவற்றைப் பேசும் ஆற்றல் உள்ளபோதே கணவர் மனைவியிடம் கூறிவிடுதல் நன்று. பின்னர் உறவினர் பலர் பலவாறு கூறுங்கால், ‘இதுவே அவர் விருப்பம்’ என்று உறுதியாகச் சொல்ல அம்மையாருக்கு அது துணையாகும்.

இல்லத்தில் இருவரும் சிந்திக்க

1. நம்மில் ஒருவருக்குக் கடும் நோய் வருமாயின், முழு உண்மையையும் அறிய விரும்புகிறோமா? இதனை ஒருவர்க்கொருவர் இதுவரை கூறியுள்ளோமா?

2. நம் குடும்பத்தில் தந்தை, பாட்டன், தாய்மாமன், அத்தை, சிற்றன்னை ஆகியோருக்கு வந்த புற்றுநோய்களை நம் மக்கள் அறிவார்களா?

3. மற்றவருக்கு வருத்தம் தருமென எண்ணி நாம் சொல்லாது வைத்திருப்பது யாது? அதனைச் சொல்லத் தகுந்த வேளை எது?

4. நாம் அறிந்த இல்லங்களில் நோயாளிக்குப் பணி செய்பவர் எவர்? அவரை நலம் கேட்டு, ஒரு நாளேனும் ஓய்வு தர நம்மால் இயலுமா?

ஓய்வான ஒரு மாலையில் இருவரும் சேர்ந்து அமர்ந்து இவ்வினாக்களைப் பேசிப் பார்க்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம். நோயுற்ற பின் தொடங்குவதற்கு அரிதான இப்பேச்சு, நலமாயிருக்கும் நாளில் எளிதாக அமையும். ஏற்கனவே நோயோடு வாழும் குடும்பத்தார் மூன்றாம் வினாவிலிருந்து தொடங்கலாம்.